கண்ணாடிக்குக் கூச்சம்

கூரை திறக்கிற கார்தான் வேண்டும் என்று கேட்டது நானில்லை, மேடம். என் மனைவி. எனக்கு நாலு சக்கரமும் மழைக்கு ஒழுகாத ஒரு கூரையும் இருந்தால் போதும். கூரையைப் போட்டு, அதில் ஓட்டையைப் போட்டு, அந்த ஓட்டைக்கு ஒரு மூடியையும் போட்டு, மூன்றுக்கும் சேர்த்துக் காசு வாங்குகிறார்களே என்று கடையில் வைத்தே சொன்னேன். விற்பவர் சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. அவள் பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணாடி வழியாக மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

ஒன்றும் விடாமல் என் கைப்பட எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். உங்களுக்கு முன்னால் மூன்று பேர் என்னை விசாரித்தார்கள். மூவரும் நல்லவர்கள், உட்கார நாற்காலி கொடுத்தார்கள். ஆனால் கேள்வியை அவர்கள் சரியாகக் கேட்கவில்லை. "சர்வீஸ்ல என்ன செஞ்சாங்க?" என்றே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். "நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது என் தொழில் பழக்கம். அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான் லிஃப்ட் பரிசோதகன். இருபத்திரண்டு வருடமாக ஒரே வேலை. கட்டடம் கட்டடமாகப் போவேன், கயிற்றைப் பார்ப்பேன், பிரேக்கைப் பார்ப்பேன், கடைசியாகக் கதவைப் பார்ப்பேன். என் பையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரத்துண்டு இருக்கும். கதவு மூடும்போது அதை நடுவில் நீட்டுவேன். மரத்தில் பட்டதும் கதவு திரும்பிப் போக வேண்டும். போனால் கையெழுத்து. போகாவிட்டால் லிஃப்டுக்குச் சிவப்பு முத்திரை, எட்டாவது மாடிக்காரரும் படியேறத்தான் வேண்டும். ஆபீசில் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு 'மரக்கட்டை' என்று பேர். அதற்கு இரண்டு காரணம் சொல்வார்கள்: ஒன்று என் பையில் இருக்கிறது, இன்னொன்று என் முகம்.

கதவு அடிக்கடி திரும்பிப் போகிறதே என்று எரிச்சல்பட்டு, சென்சார் மேல் டேப்பை ஒட்டி வைக்கிறவர்கள் உண்டு. பெரிய கடைகளில்கூடச் செய்வார்கள். பிடித்தால் விட மாட்டேன். "நாலு பேர் அவசரமா போகணும் சார்" என்பார்கள். "நாலு பேரும் முழுசாப் போகணும்" என்பேன். என்னைத் திட்டாத கட்டட மேலாளர் இந்த ஊரில் இல்லை. என் இருபத்திரண்டு வருடத்தில், நான் கையெழுத்துப் போட்ட எந்தக் கதவும் யாருடைய நகத்தைக்கூட நசுக்கியதில்லை. இதை நீங்கள் பதிவேட்டில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

என் மைத்துனனைப் பற்றிச் சொல்லாமல் காரைப் பற்றிச் சொல்ல முடியாது. என் மனைவிக்குத் தம்பி. வீடு, மனை வாங்க விற்க வழி சொல்கிறவன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அவன் பிழைத்ததோடு நிற்காமல் சுற்றியிருக்கிற அத்தனை பேரையும் பிழைக்க வைப்பான். எந்த ஆபீசில் எது நின்றாலும் அவனுக்கு அங்கே ஓர் ஆள் இருக்கும். ஒரே ஒரு போன். குழாயில் தண்ணீர் வராவிட்டால் அவன் போன். மாமியாருக்கு ஆஸ்பத்திரியில் தனி அறை கிடைக்காவிட்டால் அவன் போன். இரண்டு வருடமாக இழுத்துக்கொண்டிருந்த என் பதவி உயர்வு வந்ததும் அவன் போனால்தான் என்று என் மாமியார் நம்புகிறார். அது உண்மையாகவும் இருக்கலாம். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அவன் கெட்டவன் இல்லை. என்னை "அத்தான், அத்தான்" என்று சுற்றிச் சுற்றி வருவான். ஒரு தடவைகூட மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. என் மனைவிதான் எதற்கெடுத்தாலும், "தம்பிகிட்ட சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். உங்களுக்குப் பேசத் தெரியாதுங்க" என்பாள். அதைக் கோபமாகச் சொல்ல மாட்டாள். வெளியே வெயில் என்று சொல்கிற மாதிரி சொல்வாள்.

அவனுக்கு ஒரே மகள். ஆறு வயது. வீட்டில் எல்லோரும் வாண்டு என்றுதான் கூப்பிடுவோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சாப்பிட வந்தால், வாண்டு செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கார்ச் சாவியைத்தான் கேட்பாள். அவளுக்கு அந்தக் கூரையோடு ஒரு விளையாட்டு இருந்தது. முன்சீட்டு இரண்டுக்கும் நடுவில் ஏறி நிற்பாள், தலை வெளியே வரும். என் மனைவி உள்ளிருந்து பொத்தானை ஒரு தட்டுத் தட்டுவாள். கண்ணாடி பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து வரும். வாண்டு உள்ளங்கையைக் காட்டுவாள். கை பட்டதும் கண்ணாடி சட்டென்று பின்வாங்கும். "கண்ணாடிக்குக் கூச்சம்!" என்று கத்திவிட்டுச் சிரிப்பாள். கேட்டுக்கு வெளியே போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அந்தப் பின்வாங்கல் என்ன, எவ்வளவு அழுத்தத்தில் நடக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்பதால் நானும் சிரித்துக்கொண்டுதான் நிற்பேன். நல்ல கதவு அது.

மூன்றாவது வருடம் முடிந்ததும் கெட்டது. பாதி மூடும், மூன்று விரல் இடைவெளி இருக்கும்போது தானாகவே திரும்பிப் போய்விடும். யாரும் கை வைக்காமலே அதற்குக் கூச்சம் வந்துவிட்டது. மழைக்காலம் வேறு. காரின் மேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் உறையை விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்து மூடினேன்.

சர்வீஸ் சென்டரில் மேசையில் இருந்த பெண்ணை உங்களுக்குத் தெரியும். அன்றுதான் நான் அவரை முதலில் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கையால் அழகாக எழுதுவார். காரை உள்ளே கொண்டுபோய் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார்.

"சார், உள்ள ஓடுற தண்டவாளத்துல ஒரு பிளாஸ்டிக் கொக்கி உடைஞ்சிருக்கு. கட்டைவிரல் அளவுதான். அதனால கண்ணாடி கோணலா வருது. யாரோ மாட்டிக்கிட்டாங்கன்னு நெனச்சுத் திரும்பிடுது."

"அந்தக் கொக்கிய மாத்திடுங்க."

"அத மட்டும் தனியா குடுக்க மாட்டாங்க சார். கண்ணாடி, தண்டவாளம், மோட்டார், எல்லாம் ஒரே செட்டு. கூரைக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிற மேல் துணிய முழுசாக் கழட்டணும்."

தொகையைச் சொன்னார். கார் வாங்கியபோது நான் முதலில் கட்டிய பணத்தில் பாதி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொல்லிப் பார்த்தேன். அவரும் சிரித்துவிட்டார். பிறகு தேதியைப் பார்த்தார். வாரண்டி முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

"பதினோரு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா சார்?" என்றார். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். கம்பெனிக்குத் தானே எழுதிப் பார்ப்பதாகவும், சில சமயம் பாதியாவது விட்டுக்கொடுப்பார்கள் என்றும் சொன்னார். என் முன்னாலேயே எழுதினார். ஒழுங்காகப் பராமரிக்கும் வாடிக்கையாளர், இவருக்கு எப்படியாவது உதவ வேண்டும் என்று அதில் இருந்தது. அந்தக் கடிதம் இப்போது உங்கள் கோப்பில் வேறு காரணத்துக்காக இருக்கிறது.

பதில் வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் என் மைத்துனன், "அத்தான், அந்தக் கம்பெனி ஏரியா மேனேஜர் நமக்குத் தெரிஞ்சவர்தான். ஒரு போன் போடவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என் மனைவி ஒன்றும் சொல்லாமல் தட்டில் சோறு வைத்தாள். அவள் சொல்லாமல் விட்டது என்ன என்று எனக்குத் தெரியும்.

பதில், முடியாது என்பது. பாதிகூட இல்லை. அந்தப் பெண் எழுந்து நின்று சொன்னார். கூரையைத் திறக்கவே வேண்டாம் என்று சொல்லி, அதன் ஃப்யூஸைக் கழற்றி ஒரு சின்ன உறையில் போட்டு, டாஷ்போர்டு அறைக்குள் வைத்தார். 'பழுது பார்க்க உரிமையாளர் விரும்பவில்லை' என்று சீட்டு எழுதினார். விரும்பவில்லை என்பது சரியான வார்த்தை இல்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "என்ன சொன்னாங்க?" என்றாள்.

"செஞ்சு தர்றாங்க. இலவசமா."

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் இருந்தது, வந்துவிட்டது. குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். "நீங்களா பேசினீங்க? நீங்களே பேசி முடிச்சீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாள். கல்யாணமான புதிதில் அவள் என்னைப் பார்த்த பார்வை ஒன்று இருந்தது. அது இன்னும் அவளிடம் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. தம்பிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். "அத்தான் சாதிச்சுட்டாரே! எனக்கே ரெண்டு தடவ முடியாதுன்னு சொன்ன கம்பெனி அது. இனிமே எனக்கு ஏதாவது ஆகணும்னா நான் உங்களுக்குத்தான் போன் போடணும்" என்றான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

வியாழக்கிழமை லீவு போட்டேன். கார் சர்வீசுக்குப் போவதாக வீட்டில் சொன்னேன். ஆள் குடியேறாத ஒரு கட்டடத்தின் கீழ்த்தளம் எனக்குத் தெரியும். அங்கே லிஃப்டுக்கு நானே சிவப்பு முத்திரை வைத்திருந்தேன், அதனால் யாரும் வர மாட்டார்கள். மேல் துணியை முன்பக்கம் மட்டும் இறக்கினேன். பொத்தானுக்கும் மோட்டாருக்கும் நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. யாராவது மாட்டிக்கொண்டார்களா என்று யோசிப்பது அதுதான். அதை விட்டுவிட்டு, பொத்தானிலிருந்து மோட்டாருக்கு நேராக ஒயர் கொடுத்தேன். கொக்கி உடைந்த இடத்தில் ஒரு தகடு வைத்து, ஒயரை அதன் மேல் என் பையிலிருந்த கறுப்பு டேப்பால் ஒட்டினேன். ஃப்யூஸைத் திருப்பி மாட்டினேன். பொத்தானைத் தட்டினால் போதாது, மூடும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றபடி புதுக் கண்ணாடி போல மூடியது. ஏழு விநாடி.

பிறகு பையிலிருந்து மரத்துண்டை எடுத்து வைத்துப் பார்த்தேன். பழக்கம். கண்ணாடி வந்தது, மரத்தில் பட்டது, நின்றது. திரும்பவில்லை. நான் விரலை எடுக்கிறவரை மோட்டார் முனகிக்கொண்டே அழுத்தியது. எடுத்துப் பார்த்தால் மரத்தில் ஒரு பள்ளம், என் சுண்டுவிரல் நகம் உட்காரும் ஆழத்துக்கு. தேக்குக் கட்டை அது. லிஃப்டாக இருந்தால் அந்த இடத்திலேயே முத்திரை வைத்திருப்பேன். ஆனால் இது லிஃப்ட் இல்லை, பொதுமக்கள் போகிற வழியும் இல்லை. என் சொந்தக் கார். மேல் துணியைத் திரும்ப ஒட்டினேன்.

அடுத்த ஐந்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பொறுப்பில்லாதவன் வைத்திருந்தால் ஐந்து நாளில் நடந்திருக்கும். என் மனைவிக்கு, மூடும்வரை விரலை எடுக்கக் கூடாது, புது மோட்டார் அப்படித்தான் என்று சொல்லிக் கொடுத்தேன். என் மைத்துனனுக்கும் அப்படியே சொன்னேன். வாண்டு வந்தால் சாவியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வேன். ஒருநாள் ரொம்ப அடம்பிடித்தாள். அவளிடம், "வாண்டு, கண்ணாடிக்கு இப்ப கூச்சம் போயிடுச்சு. பெரிய கண்ணாடி ஆயிடுச்சு" என்றேன். ஆக, நான் எச்சரிக்கவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "பரவால்ல மாமா, நான் திருப்பிக் கத்துக் குடுக்கறேன்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றேகால் மணி. சாப்பாடு முடிந்திருந்தது. வாண்டுவின் வகுப்புத் தோழிக்குப் பிறந்தநாள். என் மைத்துனனின் வண்டி ஒர்க்ஷாப்பில் கிடந்தது. அவன் கையைத் துடைத்துக்கொண்டே, "அத்தான், உங்க வண்டிய ரெண்டு மணி நேரம் எடுத்துக்கட்டுமா?" என்றான்.

எடுத்துக்கொள், கூரையை மட்டும் தொடாதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். ஒரு நொடி தாமதித்திருப்பேன் போலிருக்கிறது. அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன அத்தான் யோசனை? ஒட்டுப் போட்டு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டுச் சிரித்தான். விளையாட்டாகத்தான் கேட்டான். என் மனைவியும் சிரித்தாள். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்பெனி வேலை. பயப்படாம எடுத்துட்டுப் போ" என்றேன்.

கேட்டைத் திறந்துவிட நான் வெளியே போனேன். கார் கேட்டைப் பார்த்து நின்றது. எனக்கும் காருக்கும் நாலு அடி தூரம். என் மைத்துனன் உள்ளே ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தான். அவன் கூரையைத் திறந்துவிட, வாண்டு நடுவில் ஏறி வெளியே தலையை நீட்டினாள். மஞ்சள் கவுன், தலையில் இரண்டு பின்னல். நாலு துளி தூறல் விழுந்தது. "உள்ள வாடா, மூடப்போறேன்" என்றான் அவன். "மூடுங்கப்பா, நான் அதுக்குக் கூச்சம் கத்துக் குடுக்கப்போறேன். மாமா பாக்கணும்" என்றாள். கையைக் காட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கையைக் காட்டவில்லை. கூரையின் முன்விளிம்பில் தாடையை வைத்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கண்ணாடி அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. உள்ளே இருந்தவனுக்கு அவள் கவுன்தான் தெரியும். முகம் எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

ஏழு விநாடி என்பது குறைந்த நேரம் இல்லை, மேடம். கதவுகளோடு வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். "குனி" என்று சொல்ல அரை விநாடி. "நிறுத்து" என்று சொல்ல அரை விநாடி. காரில் ஒரு தட்டுத் தட்டினால்கூடப் போதும். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அதுவும் பழக்கம்தான். இரண்டில், அவளே தலையை எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். மூன்றில், இப்போது கத்தினால் ஏன் கத்தினேன் என்று அவன் கேட்பான் என்று நினைத்தேன். நாலில், என் மனைவி வாசலில் வந்து நின்றது தெரிந்தது. கம்பெனி செய்து கொடுத்த கூரைக்கு ஏன் பயப்படுகிறீர்கள் என்று அவள் கேட்டால் அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஐந்தில் பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எண்ணவில்லை.

அவன் விரலை எடுக்கவில்லை. மூடும்வரை எடுக்கக் கூடாது என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். கண்ணாடி பட்டால் திரும்பிவிடும் என்று அவன் காத்துக்கொண்டிருந்தான்.

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. அதற்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை.

எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காரைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டுமே என்று நான் நின்றேன். மேல் துணியை இறக்கி, ஒயர் இரண்டையும் எடுத்து, கறுப்புப் பெட்டியைப் பழையபடி இணைத்தேன், தகட்டை மட்டும் அப்படியே விட்டேன். இருபது நிமிடம் ஆனது. பிறகு சட்டை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் மைத்துனன் நடைபாதையில் தரையில் உட்கார்ந்து தன் ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டேன்.

கம்பெனி வேலை என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது. போலீஸிடம் வேறு மாதிரி சொல்ல முடியாது. பில் எங்கே என்று கேட்டார்கள். அந்தப் பெண் இரக்கப்பட்டு, கணக்கில் காட்டாமல் செய்து கொடுத்தார், சீட்டில் கையெழுத்து மட்டும் போடச் சொன்னார் என்றேன். அவர் எழுதிய கடிதத்தை எடுத்துப் பார்த்தார்கள். எப்படியாவது உதவ வேண்டும் என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. கம்பெனி அவரை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டது. கைது செய்தார்கள், ஜாமீனில் வந்தார். வழக்கு நடக்கிறது. பதினான்கு மாதம் ஆகிறது.

ஒருநாள் காலை அவர் என் வீட்டு வாசலுக்கு வந்தார். இளைத்திருந்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு, "சார், அந்த வேலைய நான் செய்யலன்னு உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு மட்டுந்தான் தெரியும்" என்றார். அழவில்லை. "கோர்ட்ல பேசிக்கலாம்மா" என்றேன். கேட்டின் இடுக்கில் அவர் விரல் இருந்தது. விரலை எடுக்கச் சொல்லி, எடுத்த பிறகுதான் மூடினேன்.

நீங்கள் நேற்று என் முன்னால் ஒரு புகைப்படத்தை வைத்தீர்கள். மேல் துணிக்கு அடியில், தகட்டின் மேல் இரண்டு இடத்தில் கறுப்பு டேப்பின் பசை. சர்வீஸ் சென்டரில் அந்த டேப்பையே வாங்குவதில்லை, லிஃப்ட் வேலைக்காரர்கள்தான் வாங்குகிறார்கள் என்று சொன்னீர்கள். எனக்கு ஒருவித நிம்மதி வந்தது. பதினான்கு மாதம் கழித்து, வேலை தெரிந்த ஒருவர் அந்தக் கூரையைப் பார்த்திருக்கிறார் என்று தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன் என்றேன்.

வீட்டில் இப்போது சத்தம் கிடையாது. என் மனைவி சமைக்கிறாள், தூங்குகிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள். வாண்டுவின் அம்மா அவள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். என் மைத்துனன் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறான். தொழிலை விட்டுவிட்டான். போனைத் தொடுவதே இல்லை. வலது கையால் அழைப்பு மணியைக்கூட அழுத்த மாட்டான், கதவைத் தட்டுவான். எதிரில் உட்கார்ந்து, "எல்லாரும் என்னைத்தான் பாக்கறாங்க அத்தான். நீங்க ஒருத்தர்தான் ஒரு வார்த்தை தப்பா சொல்லல" என்பான். கரண்ட் பில் கட்டுவதிலிருந்து வக்கீலிடம் பேசுவதுவரை எல்லாவற்றுக்கும், "என்ன பண்ணலாம் அத்தான்?" என்று என்னைத்தான் கேட்கிறான். நான் சொல்கிறேன். அவனுக்காக நான் போன் போடுகிறேன். எனக்குப் பேசத் தெரியாது என்று இப்போது யாரும் சொல்வதில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. ஒன்றும் விடாமல் எழுதச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன்.

வாண்டுவை எனக்குப் பிடிக்கும். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவள் நினைவு வருகிறதா என்றால், வருகிறது. அழுகை வருவதில்லை. பல் பிடுங்கியபிறகு கன்னம் மரத்துப்போய்க் கிடக்குமே, தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி, அப்படி இருக்கிறது. போய்விடும் என்று காத்திருந்தேன். போகவில்லை.

முடிவாக எழுதிவிடுகிறேன். பொத்தானிலிருந்து மோட்டாருக்கு நேராக ஒயர் கொடுத்தது நான். அது திரும்பாது என்று மரத்துண்டு வைத்துச் சோதித்துத் தெரிந்துகொண்டவன் நான். தெரிந்தே சாவியைக் கொடுத்தேன். நாலு அடி தூரத்தில் நின்று, முகத்தைப் பார்த்துக்கொண்டே, வாயைத் திறக்காமல் இருந்தேன். ஒயரை எடுத்ததும் நான்தான். அந்தப் பெண்ணுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. என் மைத்துனன் நான் சொல்லிக் கொடுத்தபடி அழுத்தினான், அவ்வளவுதான். எந்தத் தண்டனை கொடுத்தாலும் மேல்முறையீடு செய்ய மாட்டேன். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள் இருக்கிறது, மேடம். இதைக் கோர்ட்டில் வாசிக்கும்போது என் மனைவியும் மைத்துனனும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். கம்பெனி என்னிடம் முடியாது என்று சொன்ன அந்த ஓர் இடத்தை மட்டும் மாற்றி எழுத வழி இருக்கிறதா என்று பாருங்கள். இலவசமாகச் செய்து தரக் கம்பெனி ஒப்புக்கொண்டது, எனக்குத்தான் காத்திருக்கப் பொறுமை இல்லை என்று இருக்கட்டும். அதனால் யாருக்கும் எந்த நட்டமும் இல்லை.